முதல் துண்டு முப்பத்தெட்டு

சென்ற மாதம் அன்சாரி ஷார்ஜாவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கீழக்கரைக்காரன், என்னோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன். வீடியோவில் நான் வேலை பார்த்த அதே சோதனைக்கூடம், அதே அறை. புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து இரும்புத் துண்டை அதுவே எடுக்கிறது, அதுவே வைக்கிறது, அதுவே உடைக்கிறது, அதுவே கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறது. பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கூடவே அன்சாரியின் குரல்.

"அண்ணே, பாத்தீங்களா? இனிமே கையே படாது. உங்க இடுக்கி இன்னும் லாக்கர்லதான் கெடக்கு. அதை என்ன செய்யன்னு சொல்லுங்க. அப்படியே நம்ம குரூப்புல புதுப் பசங்களுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கண்ணே. கையாலயே இருபது வருஷம் உடைச்ச ஆளு நீங்கதானே."

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, வேறு ஒன்று வந்து நின்றுகொண்டது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய் எழுதினதுபோல இருக்கும். ஏற்கெனவே ஒரு பொய் எழுதியவன் நான்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. "இரும்பை உடைக்கிற வேலை" என்பேன். "அப்ப பழைய இரும்புக் கடையா?" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவேன். புதுக்கோட்டையில் ஐடிஐ முடித்து, ஒரு லேத் பட்டறையில் இரண்டு வருஷம் இரும்புத்தூள் தின்று, ஹெல்பர் விசாவில் ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வந்தேன். ரூமுக்கு எட்டுப் பேர். முதல் ஆறு வருஷம் துண்டு வெட்டும் டூட்டி, அதற்குப் பிறகு இருபது வருஷம் இம்பாக்ட் ரூம். அந்த ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வளைகுடாவுக்குப் போன எல்லாருடைய கதையும் அதுதான்.

இம்பாக்ட் ரூம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெல்லப்பாகு சூடாக இருந்தால் இழுபடும், ஆறினால் டக்கென்று முறியும் அல்லவா? இரும்பும் அப்படித்தான். நல்ல வெயிலில் வளைந்து கொடுக்கும் குழாய், கடுங்குளிரில் கண்ணாடிபோல விரிசல் விட்டுவிடும். அதனால் குளிர்நாட்டுக்குப் போகிற எந்தக் குழாயாக இருந்தாலும், அதிலிருந்து விரல் நீளத்தில் மூன்று துண்டு வெட்டி, நடுவில் சின்னதாக ஒரு வெட்டு, காடி என்போம், போட்டு, ஸ்பிரிட்டும் உலர்பனியும் கலந்த தொட்டியில் முக்கி வைப்போம். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி வெயில், தொட்டிக்குள் மைனஸ் அறுபது. ஊறியதும் ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து மேடையில் வைத்து, மேலே தொங்கும் பெரிய சுத்தியலை விட வேண்டும். துண்டை உடைக்கச் சுத்தியலுக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று முள் காட்டும். எண் பெரிதாக இருந்தால் இரும்பு நல்லது.

இதில் இரண்டு விதிகள் உண்டு. தொட்டியிலிருந்து எடுத்த துண்டு ஐந்து நொடிக்குள் உடைய வேண்டும், இல்லாவிட்டால் அறைச்சூடு ஏறிவிடும். இரண்டாவது, இடுக்கியும் துண்டோடு சேர்ந்து தொட்டியிலேயே கிடக்க வேண்டும். இடுக்கி பிடிக்கும் இடம் சரியாக அந்தக் காடியின் பக்கம். சூடான இடுக்கியால் பிடித்தால் உடையப்போகிற இடமே சூடாகிவிடும். எண் பொய்யாகக் கூடிவிடும்.

இந்த இரண்டையும் என் எலும்பில் ஏற்றியவர் இராசரத்தினம் சார். யாழ்ப்பாணத்துக்காரர், சோதனைக்கூடத்தின் மேலாளர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் வந்து நிற்பார். இடுக்கி தொட்டியை விட்டு வெளியே வந்ததும் எண்ணத் தொடங்குவார். "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." ஐந்துக்குள் சுத்தியல் விழுந்துவிட்டால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அதுதான் பாராட்டு. ஐந்தைத் தாண்டினால், "செல்லமுத்து, அதை எறியும். புதுசா ஒண்டு வெட்டும்" என்பார். ஏறக்குறைய, சுமாராக என்ற சொற்கள் அவர் காதில் விழக்கூடாது. "இரும்புக்குச் சுமார் எண்டு ஒண்டும் இல்லை. ஒண்டில் உடையும், இல்லாட்டி உடையாது" என்பார். உடைந்த இரண்டு பாதிகளையும் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பார். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்தால் நல்ல இரும்பு. சீனிபோல மினுமினுத்தால் மோசம். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் ‘நல்லது’ என்று சொன்னது இரண்டே தடவை. அதில் ஒன்று என் மகளின் கல்யாணத்துக்கு.

நான் ரிட்டையர் ஆவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது அந்த வேலை வந்தது. பூமியின் வடகோடியில், பனிக்கடலுக்குப் பக்கத்தில் எரிவாயு எடுக்கப்போகிறார்கள். அந்தக் குழாய்ப் பாதைக்கான வளைவுகள் எங்கள் பக்கத்து யார்டில் தயாராகின்றன. ஷார்ஜா வெயிலுக்கும் அந்தப் பனிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதுபோலத்தான் எனக்கு இருந்தது.

அதைவிடக் குழப்பம், யாருக்காக இந்தக் குழாய் என்பது. ஃபைலில் முதலில் ஒரு பெரிய நாட்டுக் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்த நாட்டுக்கு யாரும் இதையெல்லாம் விற்கக்கூடாது என்று இன்னொரு பெரிய நாடு தடை போட்டதாக டிவியில் சொன்னார்கள். மூன்றாம் வாரம் பழைய பெயரின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. அதில் துபாய் விலாசம், நான் கேள்விப்படாத ஒரு டிரேடிங் கம்பெனி. அதற்கும் பிறகு வந்த காகிதத்தில், யார் பயன்படுத்துவார்கள் என்ற கட்டத்தில் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று இருந்தது.

"அண்ணே, இவங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பனிக்குள்ள என்னண்ணே சண்டை? அங்கதான் மனுசனே இல்லையே" என்றான் அன்சாரி.

எங்கள் லாரி டிரைவர் குல்கான், பெஷாவர்காரர், தரையைச் சுட்டிக் காட்டினார். "பாய், பர்ஃப் கே நீச்சே சப் குச் ஹே. ஊப்பர் ஆத்மி மாஃபி." பனிக்குக் கீழே எல்லாம் இருக்கிறது, மேலே ஆள்தான் இல்லை என்று அர்த்தம்.

நாங்கள் மூன்று பேருமே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். பத்து நாளில் அந்த இல்லாத மனுஷி நேரில் வந்துவிட்டார்.

பெயர் ஐலா. ஐம்பது வயது இருக்கும். குழாய் போகிற நிலம் அவர்களுடைய மேய்ச்சல் நிலம். தலைமுறை தலைமுறையாக அங்கே பனிமான் மேய்க்கிற சனம். அவர்களில் ஒருவர் வந்து சோதனையைக் கண்ணால் பார்க்கலாம் என்று முதல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் அந்த ஷரத்து எப்படியோ உயிரோடு இருந்திருக்கிறது. நான் தோல் கோட்டும் பூட்சுமாக ஒரு அம்மாவை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் வெளிர்நீலப் பருத்திச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. இடுப்பில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகக் கையால் நெய்த ஒரு பட்டை. இங்கிலீஷை நிறுத்தி நிதானமாகப் பேசினார், அதனால் எனக்கும் புரிந்தது.

சார் கொடுத்த சுலைமானி டீயைக் குடித்துக்கொண்டே அவர் சொன்னது இது. வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்கள் ஒரு பள்ளத்தாக்கைக் கடப்பார்கள். போகும்போது மான்கள் சினையாக இருக்கும், திரும்பும்போது கன்றோடு வரும். குழாய் அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. குளிர்காலத்தில் அது வெடித்தால் பாசி மேய்ச்சல் கருகிவிடும். அது திரும்ப முளைக்க ஒரு ஆள் வளர்ந்து கிழவனாகும் காலம் பிடிக்கும்.

"அப்ப உங்களுக்குக் குழாய் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம். என் தம்பிக்கு வேண்டும். ஊரில் பாதிக்குப் பாதி. அவனுக்கு வேலை கிடைக்கும், ஊருக்கு ஆஸ்பத்திரி வரும் என்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை" என்றார். "கடைசியில் ஊர்க்கூட்டத்தில் ஒன்று முடிவு செய்தோம். நான் போய்ப் பார்ப்பது, இரும்பு நல்லதென்றால் நல்லது என்று சொல்வது, கெட்டதென்றால் கெட்டது என்று சொல்வது. இரண்டு பக்கமும் அதை ஏற்றுக்கொள்ளும். வேறு யார் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். வருகிற இரண்டு நாடும் எங்களிடம் பொய்தான் சொல்லியிருக்கிறது."

அந்த அம்மாவின் வாய்ச்சொல்லில் ஒரு ஊரே தொங்குகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆகஸ்ட் மாதம். இம்பாக்ட் ரூமில் மூன்று பேர் நின்றால் போதும், அன்று எட்டுப் பேர். ஏசி திணறியது. கோட்டுப் போட்ட அந்த டிரேடிங் கம்பெனி ஆள் ஒருவர் கையில் வாட்சைப் பார்த்தபடி நின்றார். தொடங்கும் நேரத்தில் சாருக்கு ஆபீசில் போன் வந்து அவர் வெளியே போனார். "நீர் தொடங்கும், நான் வாறன்" என்றார்.

தொட்டியில் மூன்று துண்டும் ஊறிக்கொண்டிருந்தன. இடுக்கியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது என்ன?" என்று கேட்டார் ஐலா. வெளியே எடுத்துக் காட்டினேன். கையை நீட்டினார். தோல் கையுறை கொடுத்திருந்தோம், அதனால் கொடுத்தேன். இடுக்கியின் வாயில் படிந்த வெண்பனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். "நவம்பரில் எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடி இப்படித்தான் இருக்கும். ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக் கதவைத் தொடுவேன் என்று நினைக்கவில்லை" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் அதை இரண்டு கையிலும் பொத்தி வைத்துக்கொண்டு கதவைப் பற்றி, வீட்டைப் பற்றி, தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். மூன்று நிமிஷம் இருக்கும். பனி உருகி அவர் சட்டைக் கையில் சொட்டியது.

"யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார் கம்பெனி ஆள்.

ஐலா இடுக்கியை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். கோயிலில் தட்டு கொடுப்பதுபோல.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடுக்கியைத் திரும்பத் தொட்டியில் முக்கி ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். இருபது வருஷம் செய்தது. ஆனால் அந்த நிமிஷம் என் கை போகவில்லை. தொட்டியில் இருப்பது ஸ்பிரிட். அந்த அம்மாவின் கை பட்டதை, அவர் கண் முன்னாலேயே, எட்டுப் பேர் பார்க்க, ஸ்பிரிட்டில் முக்குவதா?

இதை இங்கே படிக்கிற எல்லாருக்கும் புரியுமா என்று தெரியவில்லை. அறந்தாங்கிக்கு வடக்கே எங்கள் ஊரில், என் அப்பா குடித்த டம்ளரை டீக்கடைக்காரர் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்ப்பார். அதுவும் அப்பா நகர்வதற்குள், அவர் பார்க்கவே கழுவுவார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு ஷார்ஜா வரைக்கும் கூடவே வந்திருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

முக்கவில்லை. வாங்கிய கையோடு முதல் துண்டைப் பிடித்து எடுத்து வைத்து உடைத்தேன். மூன்று நொடிதான். முள் முப்பத்தெட்டில் நின்றது. அதன் பிறகு இடுக்கி வழக்கம்போலத் தொட்டிக்குள் போயிற்று, முழுசாகக் குளிர்ந்தது. ஒரு துண்டை உடைத்த பிறகு முக்கினால் அது கழுவுவதுபோலத் தெரியாது. இரண்டாவது துண்டு இருபத்து மூன்று. மூன்றாவது இருபத்திரண்டு.

விதி இப்படி: மூன்றின் சராசரி இருபத்தேழுக்குக் குறையக்கூடாது, எந்தத் துண்டும் இருபதுக்குக் கீழே போகக்கூடாது. கூட்டி மூன்றால் வகுத்தால் இருபத்தேழரைக்கு மேலே ஒரு துளி. பாஸ். கம்பெனி ஆள் கைதட்டினார். அன்சாரி போட்டோ எடுத்தான்.

ஐலா மட்டும் உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மந்தையில் எந்த மான் நொண்டுகிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண். "இது சாம்பலாக இருக்கிறது. இவை இரண்டும் மின்னுகின்றன. ஏன்?"

"கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், மேடம்" என்றேன். சார் காதில் விழக்கூடாத பதில். அவர் போனை முடித்து இன்னும் திரும்பவில்லை.

என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய் நல்லது என்று சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் இதே நினைப்புதான். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து மண்டை குழம்பியது. ரிட்டையர் ஆகப்போகிற நேரத்தில் கெட்ட பெயர், அது ஒரு பக்கம் கிடக்கட்டும். உண்மையைச் சொன்னால் யாருக்கு நல்லது? குழாய் ரத்தானால் ஒரு நாட்டுக்குக் கொண்டாட்டம், இன்னொரு நாட்டுக்கு நஷ்டம். எது யார் என்றே எனக்குத் தெரியாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி யார், ஊர் எது என்பதே பிடிபடவில்லை. ஐலாவுக்குக் குழாயே வேண்டாம், ஆனால் நல்லது என்று சொல்லப் போயிருக்கிறார். தம்பிக்குக் குழாய் வேண்டும், அவனுக்கு வெடிக்கிற குழாயை நான் கொடுக்கிறேன்.

மூன்றாம் நாள் சாரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். டம்ளர் கதையைத் தவிர எல்லாவற்றையும்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இடுக்கி எத்தினை நிமிஷம் வெளியில நிண்டது?"

"மூணு நிமிஷம் இருக்கும் சார். சுமாரா..."

"சுமார் வேண்டாம்."

"மூணு நிமிஷம் சார்."

"நீர் கையெழுத்து வைச்சிட்டீர்."

"ஆமா சார்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே ஒரு கிரேன் மட்டும்தான் தெரியும். பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். "சண்டைக் காலத்தில எங்கட காணிக்கு வேலி போட்டவை. போடேக்கை எங்களை ஒருத்தரும் கூப்பிட்டு ஒண்டும் காட்டேல்லை. அந்த மனுசியைக் கூப்பிட்டிருக்கினம். கூப்பிட்டுட்டுப் பிழையாக் காட்டக் கூடாது."

அன்றைக்கே மறுசோதனை. அதே குழாயிலிருந்து புதிதாக மூன்று துண்டு. சார் என் பின்னால் நின்று எண்ணினார். இருபத்து மூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று. மூன்றும் சீனிபோல மின்னின. "ஃபெயில்" என்று எழுதி, முதல் சோதனையில் இடுக்கி குளிரூட்டப்படவில்லை என்ற காரணத்தையும் எழுதி, சார் தானே கையெழுத்துப் போட்டார். கம்பெனி ஆள் வந்து காகிதத்தைப் பார்த்தார். "கலாஸ்" என்று, முடிந்தது என்ற அர்த்தத்தில், ஒரே வார்த்தை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அந்தக் காகிதம் அவர்களுடைய சொத்து, யாருக்குக் காட்டுவது என்பது அவர்கள் இஷ்டம். ஐலாவுக்கு ‘ஃபெயில்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லியிருக்கிறார்கள், காரணத்தைச் சொல்லவில்லை.

அது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் ஐலாவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ‘நான் பார்த்தபோது பாஸ். நான் போன பிறகு ஃபெயில். நடுவில் என்ன நடந்தது? முதல் துண்டு மட்டும் வேறு மாதிரி இருந்ததே, நான் இடுக்கியைக் கையில் வைத்திருந்ததாலா?’

கண்டுபிடித்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். நான் எழுதியது இது: ‘இல்லை மேடம். உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெஷினில் சின்னக் கோளாறு.’

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், உங்கள் கை பட்டுத்தான் கெட்டது என்று எப்படிச் சொல்வது? நல்லதுதான் செய்தேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் ரிட்டையராகி அறந்தாங்கி வந்து சேர்ந்த பிறகு இன்னொரு செய்தி அனுப்பினார். என் பதிலை அவர் ஊர்க்கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டியிருக்கிறார். தம்பி எழுந்து, மெஷின் கோளாறு என்றால் எந்தச் சோதனையில் கோளாறு என்று கேட்டிருக்கிறான். என் பதிலில் அது இல்லை. எதிரி நாடு காசு கொடுத்து ஃபெயில் போட வைத்தது என்று குழாய் கேட்டவர்கள் சொல்ல, முதலில் காசு வாங்கிக்கொண்டு பாஸ் போட்டார்கள், உன்னைப் பொம்மையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள் என்று மற்றவர்கள் சொல்ல, இரண்டு பக்கமும் அவரை நம்பாமல் போய்விட்டது. இனி அவர் ஊருக்காகப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்களாம். தம்பி பேசுவதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, ஒருவேளை இன்னும் ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது டிவியைப் போட்டால் தினமும் அந்த வடகோடி வரைபடம்தான். வெள்ளையாக ஒரு தொப்பிபோல இருக்கிறது. அதில் இந்த நாட்டின் கப்பல், அந்த நாட்டின் கொடி, இது எனக்கு வேண்டும், அது உனக்குக் கிடையாது. நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். அந்தத் தொப்பிக்குள் ஒரு வீடும் அதில் ஒரு கதவுக் கைப்பிடியும் இருக்கிறது என்று எவனும் சொல்வதில்லை. நானும் சேனலை மாற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

அன்சாரியின் வீடியோ வந்த அன்று சாருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி என்றார். "இவ்வளவு நாளும் துண்டை முக்கினன், இப்ப என்னை முக்கி வைச்சிருக்கினம்" என்று சிரித்தார். புது மெஷினைப் பற்றிச் சொன்னேன். பிறகு, சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். டம்ளர், ஸ்பிரிட், ஐலாவின் கேள்வி, என் பதில்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"செல்லமுத்து. இரும்புக்கு ரெண்டாந்தரம் சோதனை வைச்சனீர். உம்மட வாய்க்கு ஏன் வைக்கேல்லை?"

அன்று மத்தியானமே எழுதினேன். எனக்கு வந்த இங்கிலீஷில், பேத்தியைக் கூடப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல். ‘அன்றைக்கு நான் எழுதியது பொய். நீங்கள் கேட்டது சரி. இடுக்கி உங்கள் கையில் சூடாகிவிட்டது. அது உங்கள் தப்பு இல்லை, திரும்ப அதைக் குளிர்விக்காதது என் தப்பு. உங்கள் கை பட்டதை ஸ்பிரிட்டில் முக்க எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவின் டம்ளரை அப்படிக் கழுவுவார்கள். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. முதல் சோதனைதான் தவறு, இரண்டாவது உண்மை. இதை உங்கள் கூட்டத்தில் படியுங்கள். என் பெயரைச் சொல்லியே படியுங்கள்.’

ஒற்றை டிக்தான் விழுந்தது. நாலு நாள் அப்படியே கிடந்தது. மேய்ச்சலில் இருப்பார், அங்கே சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நம்பரையே மாற்றிவிட்டாரோ என்றும் நினைத்தேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது.

‘நீங்கள் முக்கியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இதைத் தம்பியிடம் காட்டினேன். மூன்று தடவை படித்தான். பிறகு என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனான்.’

கீழே ஒரு போட்டோ. வெள்ளைப் பள்ளத்தாக்கு, அதன் குறுக்கே நீளமாகக் கறுப்புக் குழாய், இந்தப் பக்கம் நின்று அதையே பார்க்கும் மான்கூட்டம். அந்தக் கம்பெனி விலகிப் போனதும் இன்னொரு நாட்டுக் கம்பெனி வந்திருக்கிறது. அவர்கள் ஒப்பந்தத்தில் போய்ப் பார்க்கிற ஷரத்து கிடையாதாம். அதற்கும் கீழே ஒரு கேள்வி.

‘இந்தக் குழாயை உடைத்துப் பார்த்தது யார்?’

அன்சாரியிடம் கேட்டேன். எங்கள் கூடத்துக்கு வரவில்லை என்றான். துபாய், குவைத், தெரிந்த கூடங்களில் எல்லாம் விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. அது எந்த ஊர் இரும்பு, எந்தத் தொட்டியில் ஊறியது, யார் பின்னால் நின்று ஐந்து எண்ணினார்கள், யாராவது எண்ணினார்களா, ஒன்றும் தெரியவில்லை.

அன்சாரி, இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதே. லாக்கரிலேயே கிடக்கட்டும். புதுப் பசங்களே, நாலு வரி கேட்டீர்கள், இவ்வளவு எழுதிவிட்டேன். மெஷின் எண்ணினாலும் நீங்களும் வாய்விட்டு எண்ணுங்கள்.

ஐலாவுக்குத் ‘தெரியாது’ என்று எழுதினேன். இரண்டு டிக்கும் உடனே விழுந்து நீலமாயின. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவருக்கு நான் எழுதியதிலேயே மிகச் சின்னது அந்தச் சொல்தான். அது உண்மை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.